ஏறும் நாகும் அலவனும்: கடலுயிர்களின் ஆண்பெண் கூட்டம் பற்றிய அறிவு வளர்ந்த வரலாறு

யாழ்ப்பாண நகரின் தென்கரையிலே கடனீரேரியை நோக்கி அமைந்திருப்பது குருநகர். கரையூர் என்பது அதன் பழைய பெயர். வைகறைப் பொழுதில் வள்ளங்கள் கரைசேர, நண்டும் இறாலும் மீனும் கூடை கூடையாக இறங்குகின்றன. ஏலங் கூறுவோர் குரல் எழுப்புகின்றனர். வாங்குவோர் விலை பேசுகின்றனர். தராசு எடையைக் காட்டுகின்றது. அத் தராசு ஆண் பெண் அறியாது. ஒரு கூடையிலுள்ள உயிர்களுள் எவை சூல் கொண்டவை, எவை இன்னும் ஒருமுறையேனும் இனம்பெருக்காதவை, எவை அகற்றப்பட்டால் அடுத்த பருவத்திற் கடல் வெறுமையாகும் என்பவற்றை எடைக்கல் உரைப்பதில்லை. ஆயினும் அடுத்த ஆண்டின் கூடை நிறைவதும் நிறையாததும் அவ்வினாக்களின் விடையிலேயே தங்கியுள்ளன. அவ்விடையை மனிதர் எவ்வாறு படிப்படியாகக் கண்டறிந்தனர் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

உயிர்களை ஆணென்றும் பெண்ணென்றும் பகுத்து அவற்றிற்குத் தனித்தனிப் பெயரிட்டு வழங்கியதில் தமிழ்மொழி பிற மொழிகளுக்குப் பிற்பட்டதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலாகிய மரபியல், விலங்குகளின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றை நிரல்பட எடுத்தோதுகின்றது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1885ஆம் ஆண்டிற் பொருளதிகாரத்தை அச்சேற்றியதனாலும், பின்னர்ப் புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் எழுதிய விளக்கக் குறிப்புகளாலும் இப்பகுதி யாழ்ப்பாணத்து மாணாக்கர்க்கு நெடுங்காலமாகப் பழக்கமானது. மரபியலிற் கடல்வாழ் உயிர்கள் இரண்டிற்குத் தனியிடம் உண்டு. ஆண்சுறாவுக்கு ஏறு என்னும் பெயர் உரித்து என்பது ஒன்று. நீர்வாழ்வனவற்றுள் நந்தின் பெண்ணுக்கு நாகு என்னும் பெயர் உரித்து என்பது மற்றொன்று. நந்து என்பது சங்கையும் அதன் இனத்தையும் குறிக்கும் சொல். அலவன் என்னும் சொல்லுக்கும் நண்டு என்னும் பொதுப்பொருளோடு ஆண்நண்டு என்னும் சிறப்புப்பொருள் உண்டு.

அதே இயலில் மயிலைப் பற்றிய குறிப்பு ஒன்று மேலும் வியக்கத்தக்கது. சேவல் என்னும் ஆண்பாற் பெயர் பறவைகள் யாவற்றுக்கும் பொருந்தும்; மயிலுக்கு மட்டும் பொருந்தாது. தோகையுடைய ஆண்மயில் பெண்பாற்குரிய சாயல் கொண்டமையே அதற்குக் காரணமென உரை கூறும். ஆணின் அழகு இலக்கணத்தின் பொதுவிதியை மீறி நின்றது என்பதனைப் பண்டையோர் கண்டனர். ஏன் மீறி நின்றது என்னும் வினாவை உலகம் எழுப்புவதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரவேண்டியதாயிற்று.

பெயரிடுதல் அறிவின் முதற்படி. ஆண்சுறாவை ஏறு எனப் பிரித்தறிதல் கடற்றொழிலாளர்க்கு அரிதன்று. ஆண்சுறாவின் வயிற்றுப்புறச் செட்டைகளின் உட்பக்கத்தே இரு புணருறுப்புகள் தண்டுகள்போல நீண்டிருக்கும். பெண்சுறாவுக்கு அவை இல்லை. சுறாக்களில் உடலினுள்ளேயே கருக்கட்டல் நிகழ்கின்றது. கிரேக்க அறிஞர் அரிஸ்தோத்தல் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே, ஒருவகைச் சிறுசுறா தன் குட்டிகளைத் தாயின் உடலோடு கொடியினாற் பிணைத்து வளர்க்கின்றது என எழுதிவைத்தார். பலர் அதனை நம்பவில்லை. 1842ஆம் ஆண்டளவில் ஜேர்மனிய உடலியலறிஞர் ஜொகனஸ் முல்லர் அச்சுறாவை அறுத்து ஆராய்ந்து, அரிஸ்தோத்தலின் கூற்று உண்மையெனக் காட்டினார். மெய்யான ஓர் அவதானம் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகக் கட்டுக்கதையென ஒதுக்கப்பட்டுக் கிடந்தது!

அத்தகைய சுறா யாழ்ப்பாணத்து அடுக்களைக்குப் புதியதன்று. மகப்பெற்ற தாய்மார்க்குப் பாற்பெருக்கம் வேண்டி ஊட்டப்பெறும் பால்சுறாவும் குட்டிகளைக் கொடிவழி வளர்க்கும் இனமே. ஏறக்குறைய ஓராண்டு கருச்சுமந்து அது ஈனும் குட்டிகள் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வரை. இலட்சக்கணக்கில் முட்டையிடும் மீனுக்கும் ஆண்டுக்குச் சில குட்டி ஈனும் சுறாவுக்கும் ஒரே வலை வீசப்படின், முன்னது தாங்கும், பின்னது தாங்காது. தாய்க்குப் பால் தரும் என விரும்பப்படும் அச்சுறா தானும் ஒரு தாயைப்போலச் சுமந்து பெறுவது என்பதை உண்போர் அறிந்திருத்தல் நன்று.

நாகு என்று பெயர்பெற்ற சங்கின் வரலாறு இன்னும் விரிந்தது. பாக்குநீரிணையிலும் மன்னார்க் குடாவிலும் குளித்தெடுக்கப்பட்ட சங்குகள் வங்காளத்திற்குச் சென்று, அங்கே வளையலாக அறுக்கப்பட்டு மணமகளிர் கைகளை அணிசெய்தன. அரசுகள் மாறினும் சங்குக்குளிப்பின் வருவாயை விட்டுக்கொடுத்தார் இல்லை. ஆனால் சங்கு எவ்வாறு பிறக்கின்றது என்பதனை முறையாக ஆராய்ந்தார் மிகச் சிலரே. அவருள் முதன்மையானவர் ஜேம்ஸ் ஹோர்னெல். 1902ஆம் ஆண்டிற் பேராசிரியர் ஹேர்ட்மனுடன் முத்துச்சிப்பி ஆராய்ச்சிக்காக இலங்கைக்கு வந்து, பின்னர்ச் சென்னை அரசின் மீன்வளத்துறையிற் பணியாற்றிய அவர், 1914ஆம் ஆண்டிற் சங்கைப் பற்றிய தனிநூல் ஒன்றை வெளியிட்டார். வாணிகமும் சமயமும் கைத்தொழிலும் உயிரியலும் ஒருங்கே அமைந்த நூல் அது.

சங்கில் ஆண் வேறு, பெண் வேறு. ஓட்டைப் பார்த்து வேறுபாடறிதல் எளிதன்று; உள்ளிருக்கும் உயிரின் தலையருகே வலப்புறத்தே ஆணுக்குப் புணருறுப்பு உண்டு. கூட்டத்தின் பின்னர்ப் பெண்சங்கு ஆட்டுக்கடாவின் கொம்புபோல முறுக்குண்ட நீண்ட கூடொன்றை ஆக்கி, அதன் அடியை மணலில் ஊன்றி வைக்கின்றது. அக்கூட்டினுள் அடுக்கடுக்காக அறைகள் அமைந்திருக்க, அவற்றிலே குஞ்சுகள் வளர்கின்றன. கடலிற் பல நத்தையினங்களின் குடம்பிகள் நீரோட்டத்தில் மிதந்து தொலைதூரம் பரவும். சங்குக்கு அந்நிலை இல்லை. கூட்டை விட்டு வெளிவரும்போதே அது ஓடுடைய சிறு சங்காகித் தரையில் ஊர்ந்து செல்லும்.

இச்சிறு செய்தியின் பயன் பெரிது. மிதந்து பரவும் இனம் ஓரிடத்தில் அழிந்தாலும் வேறோரிடத்திலிருந்து வந்து குடியேறும். ஊர்ந்து பரவும் இனமோ தான் பிறந்த நிலத்தையே பெரிதும் சார்ந்தது. ஒரு கடற்றரையில் முதிர்ந்த சங்குகள் முற்றாக அகற்றப்படின், அத்தரை மீண்டும் நிறைவதற்கு நெடுங்காலம் செல்லும். சென்னை அரசின் சங்குக்குளிப்பில் இரண்டேகால் அங்குல விட்டத்திற் குறைந்த சங்குகளைக் கடலிலேயே மீள விடும் வழக்கம் இருந்தது. சங்கு ஒருமுறையேனும் இனம்பெருக்கிய பின்னரே கரைசேர வேண்டும் என்னும் கருத்தே இத்தகைய அளவு விதிகளுக்கு அடிப்படை.

சங்கைப் பற்றிப் பேசுங்கால் வலம்புரியை விடுதல் ஆகாது. ஆயிரம் இடம்புரிக்கு நடுவே ஒரு வலம்புரி என்பது நெடுநாள் நம்பிக்கை; உண்மையில் அது அதனினும் அரிது. இவ்வருமைக்கு உயிரியலார் கூறும் விளக்கம் சுவையானது. நன்னீர் நத்தைகளில் ஓடு எப்பக்கம் சுருளும் என்பதனைத் தீர்மானிப்பது அந்நத்தையின் சொந்த மரபணு அன்று, அதன் தாயின் மரபணுவே என்பதை 1923ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஸ்ரேற்றிவன்ற் எடுத்துக்காட்டினார். எதிர்ப்பக்கம் சுருண்ட நத்தைகள் ஒன்றோடொன்று கூடுவதிற் பல இனங்களில் இடர்ப்படுகின்றன என்பதும் பின்னர் அறியப்பட்டது. துணைகாண்பதில் இடர்ப்படும் வடிவம் ஓர் இனத்தில் அருகியே காணப்படும் என்பது இயல்பு. சங்கிலும் இக்காரணங்களே செயற்படுகின்றனவாயின், மனிதர் வலம்புரியைப் போற்றும் அருமை, அதன் இனத்தாரிடையே அது துணைபெறாமையின் மறுபக்கமேயாகும்.

இனி, மரபியல் எழுப்பாது விட்ட வினாவுக்கு வருதல் தகும். ஆணும் பெண்ணும் உருவில் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன? 1859ஆம் ஆண்டில் இயற்கைத் தேர்வுக் கொள்கையை வெளியிட்ட சாள்ஸ் டார்வினுக்கு மயிற்றோகை ஒரு தலைவலியாய் இருந்தது. 1860ஆம் ஆண்டில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், மயிலிறகைக் காணுந்தோறும் தமக்கு உடல்நலங் குன்றுவதுபோலாகின்றது என அவர் குறிப்பிட்டார். பறப்பதற்கும் ஒளிவதற்கும் தடையான தோகை, உயிர்பிழைத்தலுக்கு உதவாத ஒன்று, கூர்ப்பில் எவ்வாறு தோன்றியிருத்தல் கூடும்? பதினோராண்டு கழித்து, 1871ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் அவர் விடை தந்தார். உயிர்பிழைக்கும் போட்டி ஒன்று. துணையைப் பெறும் போட்டி வேறொன்று. பின்னதற்கு அவர் இட்ட பெயரைப் பால்வழித் தேர்வு எனலாம். அது இருவகைப்படும்: ஆண்கள் ஒன்றோடொன்று பொருது வெல்லுதல், பெண் தனக்கு உவந்த ஆணைத் தெரிந்துகொள்ளுதல். முன்னதை அறிஞர் எளிதில் ஏற்றனர். பின்னதை டார்வினின் தோழரான வாலசே மறுத்தார். பெண்ணின் தெரிவுக்கு உரிய இடம் கிடைக்க மேலும் நூறாண்டு சென்றது.

அந்நூலில் நண்டினத்துக்கும் இடமுண்டு. ஆண்நண்டின் கவ்விக்கால்கள் பெரிதாய் இருப்பதை எடுத்துக்காட்டிய டார்வின், ஸ்பென்ஸ் பேற் என்பவர் கண்ட நிகழ்ச்சி ஒன்றையும் சொல்கின்றார். சிறிய ஆண்நண்டொன்று பெண்ணோடு இணைந்திருந்த தொட்டியிற் பெரிய ஆண்நண்டொன்று விடப்பட்டது. சிறிது நேரத்தில் பெண் பெரியதன் வசமாயிற்று. ஆனால் எவ்வுடலிலும் காயம் காணப்படவில்லை. களங்கண்ணிக்குள்ளும் சிறகுவலைக்குள்ளும் இணைந்தே அகப்படும் நண்டுகளைக் கண்ட குருநகர்த் தொழிலாளிக்கு இது புதுமையாய்த் தோன்றாது.

டார்வினுக்குப் பின்னர் இத்துறை மெல்லவே வளர்ந்தது. 1948ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான பேற்மன், பழ ஈக்களைக் கொண்டு சோதனை நடத்தி, ஆண் கூடும் துணைகளின் தொகை மிகுந்தால் அதன் மக்கட்பேறும் மிகும், பெண்ணுக்கு அவ்வாறு மிகுவதில்லை என முடிவு கூறினார். 1972ஆம் ஆண்டில் றொபேட் றிவேர்ஸ் இதனை விரித்து, மகவுக்காக மிகுதியாய்ச் செலவிடும் பாலே துணையைத் தேர்வதில் எச்சரிக்கையாய் இருக்கும், குறைவாய்ச் செலவிடும் பால் அதற்காகப் போட்டியிடும் என விளக்கினார். அதே ஆண்டில் இந்திய அறிஞர் மாதவ் காட்கில், ஓரினத்தில் இருவகை ஆண்கள் அமைவதற்குப் பால்வழித் தேர்வு காரணமாதல் கூடும் என ஆராய்ந்து எழுதினார். 2012ஆம் ஆண்டில் பேற்மனின் சோதனை மீண்டும் செய்யப்பட்டபோது, அதன் முறையிலே குறை இருந்தமை வெளிப்பட்டது. அறுபத்துநான்கு ஆண்டு பாடநூல்களில் நிலைத்த முடிவும் மறுபரிசோதனைக்கு அப்பாற்பட்டதன்று என்பதை மாணாக்கர் இதனாற் கற்றல் வேண்டும்.

செலவிடும் பால் எது என்பதே முதன்மை. அது தாயாகவே இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. இதற்குச் சான்று பாக்குநீரிணைக் கடற்புற்களிடையே வாழும் கடற்குதிரை. பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பைக்குள் இட்டுவிடுகின்றது. ஆணே சுமந்து, குஞ்சுகளை ஈனுகின்றது. மருந்துக்கெனவும் அழகுக்கெனவும் உலர்த்தி விற்கப்பட்ட இவ்வுயிரை இந்தியா 2001ஆம் ஆண்டிற் காப்புப் பட்டியலிற் சேர்த்தது. 2004ஆம் ஆண்டு முதல் அதன் உலக வாணிகமும் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுள் வந்தது. சூலுற்ற ஆணொன்றை அகற்றின் ஒரு குடும்பமே அழியும் என்பது, ஆணை எத்துணை பிடிப்பினும் இனம் குன்றாது என்னும் பொதுநம்பிக்கையைப் பொய்யாக்குகின்றது.

குருநகரின் இன்றைய வாழ்வுக்கு மிக நெருங்கியது நீலக்கால் நண்டு. ஆண் நீலநிறமும் நீண்ட கவ்விக்கால்களும் உடையது. பெண் மங்கிய நிறத்தது. மல்லாத்திப் பார்த்தால், வயிற்று மடிப்பு ஆணுக்கு ஒடுங்கியும் பெண்ணுக்கு அகன்றும் இருக்கும். பெண் ஓடு கழற்றும் காலம் அணுகுகையில் ஆண் அதனைத் தன் உடலின் கீழே தாங்கிக்கொண்டு நாட்கணக்கிற் காவல் செய்கின்றது. ஓடு கழன்று உடல் மென்மையாய் இருக்கும் அச்சிறு காலத்திலேயே கூட்டம் நிகழும். ஆணின் காவல் இரு பயன் தருவது: பிற ஆண்கள் அணுகாமற் காக்கின்றது, மெல்லுடலியான பெண்ணைப் பகையினின்றும் காக்கின்றது. பெண் தான் பெற்ற விந்தைச் சேமித்துவைத்து, ஒரு கூட்டத்தினாற் பன்முறை சினை வைக்க வல்லது. வயிற்று மடிப்பின்கீழ்ச் சுமக்கப்படும் முட்டைகள் இலட்சக்கணக்கின. முதலில் மஞ்சளாயும், குடம்பியின் கண்கள் தோன்றுங்கால் கருமையாயும் நிறம் மாறும். கருமை கண்ட சினைநண்டு உப்பு மிகுந்த வெளிக்கடலை நாடிச் செல்கின்றது.

இவ்வறிவு இரண்டு பாடங்களைத் தருகின்றது. சினைநண்டைக் கரையேற்றுவது ஒரு நண்டை எடுப்பதன்று. வருங்காலக் கூடை ஒன்றைக் கவிழ்ப்பது. இது எவர்க்கும் விளங்கும். மற்றது அத்துணை எளிதில் விளங்காதது. பெரிய ஆண்நண்டுக்கு விலை மிகுதி. ஆகவே அதனையே தேடிப் பிடிப்பர். அமெரிக்காவின் செசப்பீக் குடாவில் நண்டாராய்ச்சி செய்தோர், பெரிய ஆண்கள் அருகிய இடத்திற் பெண்கள் சிறிய ஆண்களோடு கூடிக் குறைந்த அளவு விந்தே பெறுதல் கூடும் எனக் கண்டனர். பெண்ணைக் காத்தாற் போதும் என்னும் விதி அரைவிதியே. கூட்டத்துக்கு இருவர் வேண்டும்.

கூடாமலே இனம்பெருக்கும் உயிரும் இக்கடலில் உண்டு. கடலட்டையில் ஆணும் பெண்ணும் வெளித்தோற்றத்தில் வேறுபடா, ஒன்றையொன்று தழுவா. ஆண் முதலில் உடலின் முன்பகுதியை நிமிர்த்தி அசைந்தாடி விந்தை நீரிற் கலக்க, அதனையுணர்ந்து பெண் முட்டைகளை வெளியிடுகின்றது. கருக்கட்டல் கடல்நீரிலேயே நிகழும். உயர்விலை பெறும் வெள்ளைக் கடலட்டையைச் சிங்களமக்கள் யாழ்ப்பாண அட்டை என்னும் பொருள்படவே அழைக்கின்றனர். இத்தொழிலின் வரலாற்றை ஹோர்னெல் 1917ஆம் ஆண்டில் எழுதினார். 1988ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த டி. பி. ஜேம்ஸ், நீரின் வெப்பத்தைச் சிறிதளவு உயர்த்தி இவ்வட்டையை முட்டையிடச் செய்து, இந்தியாவில் முதன்முறையாகக் குஞ்சுகளை வளர்த்தெடுத்தார். அண்மைய ஆண்டுகளில் வடமாகாணக் கரையோரங்களில் வேலியடைத்த அட்டைப் பண்ணைகள் பெருகியமைக்கு இவ்வகை ஆராய்ச்சியே வித்து.

எனினும் பண்ணைக்கு வெளியே நிலைமை வேறு. முட்தோலி இனத்து உயிர்களில் நிகழ்ந்த ஆய்வுகள், ஆணுக்கும் பெண்ணுக்கும் இடைவெளி மிகும்போது விந்து நீரிற் கரைந்து, பெரும்பாலான முட்டைகள் கருக்கட்டாமலே வீணாகின்றன எனக் காட்டின. ஓர் அட்டை பத்து இலட்சம் முட்டையிடினும், அதன் அயலில் மற்றொன்று இல்லையேல் அவ்வளமை பயனற்றது. சிலவற்றை மிச்சம் விட்டோம் என்று அமைதி கொள்ளல் போதாது; மிச்சம் விட்டவை ஒன்றுக்கொன்று அண்மையில் உள்ளனவா என்பதே வினா.

குருநகரின் கடல் அறிவியலை மட்டும் கண்டதன்று. போர்க்காலத்திற் கடற்றடைகள் விதிக்கப்பட்டன; 1995ஆம் ஆண்டின் இடப்பெயர்வு ஊரையே வெறுமையாக்கியது. 2009ஆம் ஆண்டின் பின்னர்த் தொழில் மீண்டபோது, கடலின் வளத்தைப் பகிர்வோர் பலராயினர். கடற்றரையை வாரிச்செல்லும் இழுவைமடி ஏறென்றும் நாகென்றும் பாராது. கருமை கண்ட சினையையும் நேற்று ஊர்ந்த சங்குக்குஞ்சையும் ஒருங்கே அள்ளும். இலங்கைப் பாராளுமன்றம் 2017ஆம் ஆண்டில் அம்முறையைச் சட்டத்தாற் தடைசெய்தது. அயல்நாட்டு இழுவைப்படகுகளால் வலையிழந்த குருநகர்த் தொழிலாளரும் உண்டு. அம்முறையையே தம் பிழைப்பாகக் கொண்டிருந்த குருநகர்த் தொழிலாளரும் உண்டு. கடன்பட்டு வாங்கிய படகைக் கரையில் நிறுத்தியவனின் இழப்பையும் எண்ணாது கடலின் இழப்பை மட்டும் பேசுவது நேர்மையாகாது. அவனுக்கு மாற்றுத்தொழில் காட்டாத விதி ஏட்டளவில் நின்றுவிடும்.

ஆராய்ச்சி வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகின்றது. எத்தனை உயிர்கள் உள்ளன என்று எண்ணுவது போதாது. எவை எவற்றோடு, எப்போது, எவ்வளவு அண்மையிற் கூடுகின்றன என்பதை அறிதல் வேண்டும். சுறாவுக்குக் குட்டிகளின் சுருக்கமும், சங்குக்குப் பிறந்த நிலமும், நண்டுக்கு இருபாலின் சமநிலையும், கடலட்டைக்கு அயலின் நெருக்கமும் காவல். நான்கிற்கும் ஒரே விதி வகுத்தல் ஆகாது. ஏறு, நாகு, அலவன் எனப் பெயரிட்டு வேறுபாடறிந்த மரபில் வந்தோர், அவ்வேறுபாட்டின் பொருளையும் அறிந்து நடப்பரேல், குருநகர்க் கரையிற் கூடைகள் இறங்குங் காலம் நீளும்.